ஏழு பை வச்ச சட்டை

— இல்ல சித்தி, கத்திரிக்கோலை மட்டும்தான் பிடுங்க முடிஞ்சுது. துணியெல்லாம் போச்சு! அக்காகிட்ட ஊரார் தைக்கக் குடுத்த துணி. அத்தனையையும் பட்டம் பட்டமா வெட்டி ஜன்னல்ல தொங்க விட்டிருக்கா.

— மெல்லப் பேசுடி, போன்ல காது கிழியுது. காயம் கீயம் உண்டா?

— அதெல்லாம் இல்ல. பாடிக்கிட்டு இருக்கா. ராத்திரி மணி ரெண்டு, சித்தி! நாலு நாளா தூங்கல, ஆனா அலுப்பே இல்ல. வெளிநாட்டுல கடை திறக்கப் போறாளாம், பெட்டி கட்டுறா. ஒரு பேச்சு முடியறதுக்குள்ள அடுத்த பேச்சுக்குத் தாவுறா.

— அம்மா எங்க?

— "மாத்திரை வேலை செய்யுது, புள்ள எந்திரிச்சுட்டா"ன்னு நிம்மதியாத் தூங்கறாங்க.

— எந்த மாத்திரை?

— மூணு வாரம் தலைகூட வாராம கிடந்தாள்ல? மனச்சோர்வுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு.

— மருந்துக் கடையில பத்து வருஷமா நிக்கிறேன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! அடியே, இதுக்கு முன்னாடி இப்படித் தூங்காம இருந்திருக்காளா?

— பள்ளிக்கூடம் திறக்கற சமயத்துல. ஒரே வாரத்துல நாப்பத்திரண்டு யூனிஃபார்ம்! "எம்பொண்ணு மெஷினையே தோக்கடிச்சுட்டா"ன்னு அம்மா தெருத்தெருவாப் பீத்திக்கிட்டாங்க. அவளே படுத்ததும், "சோம்பேறி, திமிரு". ஏறினா உழைப்பாளி, இறங்கினா சோம்பேறி! நோயாளின்னு ஒருத்தர் வாயிலயும் வரல சித்தி, ஒருத்தர் வாயிலயும்!

— டாக்டர் கேக்கலையா? தூங்காமலே தெம்பா இருந்த நாள் உண்டான்னு?

— கேட்டாரு. அக்கா சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா. அம்மா முந்திக்கிட்டு, "அதெல்லாம் இல்ல சார், நல்ல உழைப்பாளி"ன்னாங்க.

— அடக் கொடுமையே! படுத்ததைக் காட்டி, பறந்ததை மறைச்சா அவர் என்ன செய்வாரு? பாதிக் கதைக்குப் பாதி வைத்தியம். ஏத்தமும் இறக்கமும் மாறி மாறி வர்ற நோய் ஒண்ணு இருக்கு கண்ணு. அதுவா இருந்தா, சோர்வு மாத்திரையை மட்டும் தனியாக் குடுத்தா சிலரை இப்படித் தூக்கி விட்டுடும். நான் டாக்டர் இல்ல, அவங்கதான் பாத்துச் சொல்லணும். வண்டி எடுத்துட்டு வரேன், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம். அந்த நாப்பத்திரண்டையும் சொல்றோம்.

— அம்மா கத்துவாங்க.

— கத்தட்டும்! கெட்ட பேரு வந்துடும்னு பெத்த பொண்ணை… இரு இரு. அன்னிக்கு அந்த ரூம்ல நீயும்தானே இருந்தே? நீயாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?

— டாக்டர் எங்கிட்டயும் கேட்டாரு சித்தி. அம்மாவை வெளிய அனுப்பிட்டு, "வீட்டு ரகசியம் தங்கச்சிக்குத்தான் தெரியும்"னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. இல்லைன்னுட்டேன்.

— நீயா? ஏன்டி?

— அந்த யூனிஃபார்ம் வாரம்தான் அக்கா என்னை மொட்டைமாடிக்கு இழுத்துட்டுப் போய் டான்ஸ் ஆடினா. நாப்பத்திமூணாவதா எனக்கு ஒரு சட்டை தைச்சா, ஏழு பை வச்சு. "ஒவ்வொண்ணுலயும் ஒரு நாளை ஒளிச்சு வைடி"ன்னா. வைத்தியம் பாத்தா அந்த அக்கா போயிடுவாளோன்னு பயந்துட்டேன்.

— அழாத. வாசக் கதவைப் பூட்டி வை, வந்துட்டே இருக்கேன்.

— உள்ள இருந்து கூப்பிடுறா, கூட வந்து பாடுன்னு. சிரிக்கிறா சித்தி… இனிமே அவ சிரிச்சா நானும் சிரிக்கவா, இல்ல மணியைப் பாக்கவா?