லிபரல் எண்டால் என்ன, மிஸ்?

—கையெழுத்து வைக்க ஏலாது. முதல்ல நீங்கள் ஆர் எண்டு சொல்லுங்கோ.

—இது வருகைப் பதிவும்மா. பில்டிங்குக்குள்ள வர்றவங்க எல்லாரும் எழுதணும். தீப்பிடிச்சா தலையை எண்ணிப் பார்க்க.

—தீப்பிடிச்சதாலதான் வந்திருக்கிறன். பிறின்சியின்ர அம்மா நான். றோஸ்மலர்.

—ஓ, பிறின்சி அம்மாவா! வாங்க, உட்காருங்க. கிளாஸ் இப்பதான் முடிஞ்சிச்சு. பிள்ளைங்க கீழ டீ குடிக்கிறாங்க. பசியாறிட்டீங்களா?

—அதெல்லாம் இருக்கட்டும். பாத்தால் சீன ஆள். வாயைத் திறந்தால் தமிழ். எங்க பழகினது? ஆர் பழக்கினது?

—மலேசியாவுல. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா அங்க மளிகைக் கடை வச்சிருந்தாரு. நடந்து போற தூரத்துல இருந்தது தமிழ்ப் பள்ளி ஒண்ணுதான். ஆறு வருஷம் அங்கதான் படிச்சேன். பேரு லிம் சியூ லான். பிள்ளைங்க மிஸ் லிம்னு கூப்பிடுவாங்க.

—கேட்டால் நம்பத்தான் வேணும்.

—வேணும்னா ஆத்திசூடி சொல்லிக் காட்டவா?

—பகிடி விடாதேங்கோ மிஸ். லைப்ரரிக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு, என்ர பிள்ளை ஆறு மாசமா சனிக்கிழமை சனிக்கிழமை குட்மேய்ஸில இருந்து ரெயின் மாறி ஸ்ட்ரெதமுக்கு வந்திருக்கிறாள். நேற்றுத்தான் எனக்குத் தெரியும். பார்மசிக்கு இடம் கிடைச்ச பிள்ளை. திங்கட்கிழமைக்கிடையில பதில் போடவேணும். இப்ப பார்மசி வேண்டாமாம், இடம் தந்த மற்ற யூனிவர்சிட்டியில லிபரல் ஆர்ட்ஸாம். இந்தச் சொல்லை எங்க பிடிச்சனீ எண்டு கேட்டால், மிஸ் லிம் எண்டுறாள்.

—முடிவே பண்ணிட்டாளா? எங்கிட்ட சொல்லலையே.

—நடியாதேங்கோ. காசும் வாங்கிறேல்லையாம். லண்டனில ஆர் சும்மா படிப்பிக்கிறது? எந்தச் சபை நீங்கள்? வீடு வீடாத் தட்டிப் புத்தகம் குடுக்கிற ஆக்களோ?

—சபையெல்லாம் இல்லம்மா. இருபத்திரண்டு வருஷம் குரோய்டன்ல ஒரு ஆபீஸ்ல கணக்கு வழக்கு பார்த்தேன். ரிட்டயர் ஆயிட்டேன். சனிக்கிழமை இந்த ரூம் சும்மா கிடக்குது. பன்னிரண்டு பிள்ளைங்க வர்றாங்க. அவ்வளவுதான் லா.

—என்ன படிப்பிக்கிறீங்கள்?

—ஒரு வாரம் ஒரு கோர்ட் தீர்ப்பை வாசிப்போம். ஒரு வாரம் பாட்டு கேப்போம். போன வாரம் டார்ச் லைட்டும் ஆரஞ்சுப் பழமும் வச்சு நிலா ஏன் தேயுதுன்னு பார்த்தோம். அப்புறம் சண்டை போடுவோம். வாய்ச் சண்டைதான்.

—சோதினை?

—கிடையாது.

—சேர்ட்டிபிக்கற்?

—அதுவும் கிடையாது.

—அப்ப லிபரல் எண்டால் என்ன, மிஸ்? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ. சீனாக்காரர் பிள்ளையளை டொக்டர், எஞ்சினியர் ஆக்கிறதில எங்களைவிட மோசம் எண்டெல்லோ நான் நினைச்சன். அவையள் இதுக்கு என்ன பேர் சொல்லுவினம்?

—நீங்க நினைச்சது சரிதான். ஒரே பேரு இல்லம்மா, ரெண்டு மூணு இருக்குது. ஒண்ணு, அகலமும் அழகும் உள்ள படிப்பு. இன்னொண்ணு, ஒரு பாடத்துக்குள்ள புகுந்து அடுத்த பாடத்துக்கு வழி கண்டுபிடிச்சு வெளிய வர்ற அறிவு. அந்தக் காலத்துல ஆறு கலை கத்துக் குடுப்பாங்களாம். முறையா நடந்துக்கிறது, இசை, வில்லு, தேர் ஓட்டுறது, எழுத்து, கணக்கு.

—தேரோ? இவள் டிரைவிங் டெஸ்டிலயே ரெண்டு தரம் பெயில்.

—ஹா! அதையும் சொன்னா.

—எல்லாத்தையும் சொல்லியிருக்கிறாள் போல. சரி, அந்த ஆறையும் ஆர் படிச்சது? தோட்டம் கொத்தினவன்ர பிள்ளையோ?

—இல்ல. பெரிய வீட்டுப் பிள்ளைங்க.

—அதைத்தான் கேட்டனான். சோத்துக்கு வழி இருந்தவைக்கு.

—ஆமா. நான் மறைக்க மாட்டேன். அப்புறம் அந்தப் படிப்பே பரீட்சையா மாறிச்சு. பாஸ் பண்ணினா அரசாங்க உத்தியோகம். மனுஷனா ஆகுறதுக்குன்னு ஆரம்பிச்சது, ஆபீசர் ஆகுறதுல வந்து நின்னுச்சு. எங்கப்பா காலையில தூரிகையைக் கையில குடுத்து, எழுத்து எழுது, மனசு நேராகும்பாரு. சாயந்தரம், அக்கவுண்ட்ஸ் படி, வயிறு நிறையும்பாரு. ரெண்டையும் ஒரே வாய்தான் சொல்லிச்சு.

—அந்த மனுசன் விளங்கின மனுசன். நீங்கள் கேட்டீங்கள்தானே?

—கேட்டேன். வயிறு நிறைஞ்சிச்சு.

—பிறகென்ன?

—பிறகு ஒண்ணுமில்ல. அதனாலதான் சனிக்கிழமை கிளாஸ்.

—இன்னும் எனக்குச் சொல்லுக்குப் பொருள் வரேல்லை. லிபரல் எண்ட வெள்ளைக்காரன்ர சொல்லு சீனத்தில எங்க போச்சு? அகலம், அழகு எண்டு ஏன் மாத்தினவை?

—நல்லா பிடிச்சீங்க. மேல்நாட்டுல அந்தச் சொல்லுக்கு வேரே வேற. அடிமையா இல்லாதவனுக்கு ஏத்த படிப்புன்னு அர்த்தம். சீனத்துல அப்படியே மாத்தி எழுதுறவங்களும் உண்டு. ஆனா அந்த வார்த்தையை சத்தமா சொல்ல நிறைய பேரு யோசிப்பாங்க. அகலம், அழகுன்னா யாருக்கும் பயம் இல்ல பாருங்க. தமிழ்ல என்ன சொல்லலாம்னு பிறின்சி கேட்டா. போர்டுல எழுதிக் காட்டினேன்.

—என்னெண்டு?

—விடுதலைக் கல்வி.

—என்னது?

—விடுதலை. ஏம்மா, தப்பா? எங்க ஊர்ல சாதாரணமா...

—அந்தச் சொல்லை என்ர பிள்ளைக்கு முன்னால எழுதினீங்களோ? உங்களை ஆர் அனுப்பினது? உண்மையைச் சொல்லுங்கோ.

—யாரும் அனுப்பலம்மா. நீங்க உட்காருங்க.

—எங்கட வீட்டுக் கதையளும் கேக்கிறீங்களாம். வீட்டில ஒருத்தரும் பேசாத விசயம் ஒண்டை எழுதிக்கொண்டு வாங்கோ எண்டு சொன்னனீங்களோ இல்லையோ?

—சொன்னேன். எழுதிப் பழகுறதுக்கு.

—எனக்கு இருவத்தி மூண்டு வயசில, அகதி எண்டு பதிய வந்த நேரம், குரோய்டனில ஒரு அறைக்குள்ள இருத்தி வைச்சு இப்பிடித்தான் கேட்டவங்கள். உங்கட அண்ணா எங்க, எப்ப போனவர், ஆரோட போனவர். ஆறு மணித்தியாலம். இப்ப என்ர பிள்ளையிட்டக் கேக்கிறீங்கள். அவள் எழுதித் தந்தவளோ?

—தந்தா. இந்தாங்க. வேற யாரும் படிக்கல. நாலு வரிதான்.

—இங்கிலிசிலதானே எழுதியிருக்கிறாள்... எங்கட வீட்டில் ஒரு மாமா இருந்தார். பெயர் கிறிஸ்துராஜா. அம்மா ஒவ்வொரு வருசமும் அவருக்குப் பூசை குடுக்கிறா. என்ன நடந்தது எண்டு கேட்டால் எழும்பிப் போய்விடுகிறா...

—அம்மா! நீங்க என்ன இஞ்ச?

—வா பிறின்சி. உன்ர மிஸ்ஸோட கதைக்க வந்தனான்.

—ஓ மை கோட். மிஸ், சொறி. அம்மா, கத்தினீங்களா? கீழ வரைக்கும் கேட்டுது.

—இன்னும் கத்தேல்லை. ஏன் பொய் சொல்லிப்போட்டு வந்தனீ?

—சொன்னா விட்டிருப்பீங்களா? ஒன்லைன் டியூசனுக்கே கமெராக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருக்கிற ஆள் நீங்க. ஆர் அந்த டீச்சர், என்ன சொல்றார், எல்லாம் சஸ்பிஷன்.

—பார்மசியை விட்டுப்போட்டு லிபரல் ஆர்ட்ஸ் படி எண்டு இவதானே சொல்லித் தந்தவ?

—என்னது? மிஸ்ஸா? மிஸ் ஒரு மாசமா பார்மசி எடு, பார்மசி எடு எண்டு என்னோட ஆர்கியூமென்ற். நேற்றும் மெசேஜ் போட்டவா. இந்தா, போனைப் பாருங்க.

—உண்மையோ மிஸ்?

—உண்மைதாம்மா. சனிக்கிழமைக்கு இது போதும், திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் சோறு வேணும்னு சொன்னேன். எங்கப்பா வாய்தான் எனக்கும் வருது. பயம் எனக்கும் இருக்குது லா.

—அப்ப நான்தான்... தேவையில்லாமல் உங்களை...

—பரவாயில்ல. தெரியாத ஒருத்தி பிள்ளைகிட்ட பேசுறான்னா எந்தத் தாயும் வந்து கேப்பா.

—இல்லை மிஸ். உங்களுக்கு விளங்காது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில, எங்கட ஊர் டியூசன் கொட்டிலுக்கு இயக்கத்தில இருந்து ரெண்டு பேர் வந்தவை. வடிவாக் கதைக்கிற ஆக்கள். பாடத்தை நிப்பாட்டிப்போட்டு ஒரு மணித்தியாலம் கதைச்சவை. நீங்கள் போர்டில எழுதின அதே சொல்லு. பின்னேரம் கொட்டில் விட ஒம்பது சைக்கிள் மரத்தோட சாத்தினபடி நிண்டது. ஓடிக்கொண்டு வர ஆக்கள் இல்லை. அதில ஒண்டு எங்கட அண்ணையின்ர.

—அம்மா... அவருக்கு எத்தினை வயசு?

—உன்ர வயசுதான். பதினேழு.

—பிறகு வரவே இல்லையா?

—ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒண்டும் இல்லை. பேரைக்கூட ஆரும் வந்து சொல்லேல்லை. நாங்களாத்தான் ஒரு நாளை வைச்சுப் பூசை குடுக்கிறம்.

—மன்னிச்சுக்கங்கம்மா. அந்த வார்த்தைக்கு இப்படி ஒரு எடை இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.

—அதாலயா அம்மா கிளாஸ் எண்டாலே பயம்? எனக்குச் சொல்லியிருக்கலாமே. நான் ஏதோ நீங்க என்னை நம்பேல்லை எண்டு நினைச்சன்.

—உன்னை நம்பாமல் இல்லை, பிள்ளை.

—அப்ப ஓகே. நான் பார்மசிக்கே பதில் போடுறன். நிஜமா. இவ்வளவு பயத்தோட நீங்க இருக்கவேண்டாம். பார்மசி சேஃப். மிஸ்ஸும் அதைத்தான் சொல்றா.

—போனை எடு.

—எடுத்திட்டன். பார்மசி எண்டு போடுறன். அதுதானே கேட்டனீங்க.

—வேண்டாம். மற்றதுக்குப் போடு.

—என்ன மற்றது?

—உனக்கு விருப்பமான அந்தப் படிப்புக்குப் போடு. இப்பவே, எனக்கு முன்னால போடு.

—என்னம்மா இது? சொல்லிச் சொல்லி நானே அவளை இப்பதான் ஒரு வழிக்குக் கொண்டாந்தேன். நீங்களும் அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க?

—கொட்டிலில அண்டைக்கு நடந்தது பயோலொஜி வகுப்பு, மிஸ். அண்ணை வகுப்பைக் கட் பண்ணிப்போட்டுக் கோயில் கூத்துக்கு ராசா வேசம் பழகப் போக வெளிக்கிட்டவர். அம்மாட்டக் கோள்மூட்டி, அடி வாங்கிக் குடுத்து, டொக்டராகிற பிள்ளை எண்டு அந்தக் கொட்டிலுக்கு அனுப்பி வைச்சது நான்.