எல்லாரும் முணுமுணுக்கிறாங்க

தம்பி: …அதைத்தான் சொல்றேன், இப்ப வர்ற படத்துல ஒருத்தருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியல. ஹீரோ முணுமுணுங்கிறான், ஹீரோயின் அதுக்கு மேல. ரெண்டு பேருக்கும் எப்படித்தான் காதல் வந்துச்சோ.

அக்கா: மெதுவாப் பேசுடா. மொத்த ஆஸ்பத்திரியும் உன் விமர்சனத்தைக் கேக்குது.

தம்பி: மெதுவாத்தானே பேசுறேன்?

அக்கா: நீயா? அங்க ஒரு குழந்தை தூக்கத்துலருந்து முழிச்சிடுச்சு பாரு.

தம்பி: சீரியலும் அப்படித்தான். மருமக போன்ல ரகசியம் பேசுறாளாம். மாடியில இருக்கிற மாமியாருக்குக் கேக்குது, டிவிக்கு முன்னாடி உக்காந்திருக்கிற எனக்குக் கேக்கல.

அக்கா: இதையெல்லாம்தானே வாரா வாரம் உன் சேனல்ல பேசிப் போடுறே. அப்புறம் அந்த ராஜா படத்தை மட்டும் எதுக்குத் தலையில தூக்கி வச்சு ஆடினே?

தம்பி: அது படம். ராஜாவும் கத்துவான், மந்திரியும் கத்துவான், செத்துக்கிட்டு இருக்கிறவன்கூட கத்திட்டுத்தான் சாவான். ஒரு வசனம் தப்பாது.

அக்கா: ஹிப்ஹாப்?

தம்பி: அதைக் கேக்காத. வயிறு எரியுது. முன்னெல்லாம் எவ்வளவு வேகமாப் பாடினாலும் ஒவ்வொரு வார்த்தையும் வந்து தெறிக்கும். இப்ப பயலுக வாயில பஞ்சை அடைச்சுக்கிட்டுப் பாடுறானுங்க. பீட்டு வருது, ஆளக் காணோம்.

அக்கா: அதாவது போன வருஷத்துலருந்து ஊர் உலகம் மொத்தமும் சொல்லி வச்ச மாதிரி முணுமுணுக்க ஆரம்பிச்சிருச்சு. அப்படித்தானே?

தம்பி: பின்ன?

அக்கா: அப்பாவும் இதையேதான் சொன்னாரு. ரேடியோல செய்தி வாசிக்கிறவங்க சரியில்லைன்னு.

தம்பி: தெரியும்.

அக்கா: அப்புறம் நாம பேசுறதும் சரியில்லைன்னாரு.

தம்பி: தெரியும்னு சொல்றேன்ல… பயமா இருக்குக்கா. அப்பாவுக்குக் காது சுத்தமாப் போனப்ப என் வயசுதான். பாட்டு இல்லாம நான் என்ன பண்ணுவேன்?

அக்கா: அதுக்குத்தானே லாண்டரிக்கு லீவு சொல்லிட்டு உன்னை இழுத்துட்டு வந்திருக்கேன். எந்திரி, கூப்பிடுறாங்க.

தம்பி: கூப்பிட்டாங்களா?

டாக்டர்: உக்காருங்க. என்ன தொந்தரவு?

தம்பி: பெருசா ஒண்ணும் இல்ல டாக்டர். இப்ப வர்ற படத்துலயெல்லாம் சவுண்டு…

அக்கா: காது கேக்கல டாக்டர். கீழ எழுத்து ஓடினாத்தான் படமே பாக்குறான்.

தம்பி: உனக்கு எப்படிக்கா…

அக்கா: தமிழ்ப் படத்துக்கே எழுத்து போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு.

டாக்டர்: தலையை இப்படிச் சாய்ங்க… ம்ம். இப்ப இந்தப் பக்கம்… அடேங்கப்பா.

தம்பி: நரம்பா டாக்டர்? எதுவா இருந்தாலும் நேராச் சொல்லிடுங்க.

டாக்டர்: காதுக்குள்ள எதை விடுறீங்க?

தம்பி: பட்ஸ், தினமும். மத்த நேரமெல்லாம் இயர்போன்.

டாக்டர்: ரெண்டும் சேந்து அழுக்கை உள்ள தள்ளித் தள்ளிக் கெட்டிப்படுத்தி வச்சிருக்கு. ரெண்டு காதும் அடைப்பு. அசையாம இருங்க, எடுத்துடலாம்.

தம்பி: ஆ… ஆ…

டாக்டர்: வலிக்குதா?

தம்பி: இல்ல டாக்டர்… ஃபேன் சத்தம் கேக்குது.

அக்கா: அது நாம வந்ததுலருந்து சுத்திக்கிட்டுத்தான் இருக்கு.

தம்பி: நீ ஏன்க்கா இப்படிக் கத்துறே?

டாக்டர்: அவங்க சாதாரணமாத்தான் பேசுறாங்க. சவ்வு நல்லா இருக்கு. எதுக்கும் பக்கத்து ரூம்ல கேட்கிற டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டுக் கிளம்புங்க.

அக்கா: வெளிய வந்தாச்சு, இப்பவாவது சொல்லு. டெஸ்ட்ல என்ன சொன்னாங்க?

தம்பி: நரம்பு நல்லா இருக்காம். அப்பாவுக்கு வந்தது எனக்கு இல்லவே இல்லையாம். உன் செருப்பு கிறீச் கிறீச்சுங்குதுக்கா.

அக்கா: வாங்கின நாள்லருந்து அப்படித்தான்.

தம்பி: அப்பாடா… அழுகையா வருது.

அக்கா: அழு, யாரு வேணாங்கிறா. எனக்கும் இப்பத்தான் வயித்துல பால் வாத்த மாதிரி இருக்கு.

தம்பி: பாவம், எத்தனை பேரை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்… உன் போனைக் குடு. போன மாசம் ஒரு ராப் பாட்டு போட்டுக் காட்டினியே, யாரோ ஒரு பொண்ணு பாடினதுன்னு.

அக்கா: அதை அழிச்சிட்டேன். "இவளும் முணுமுணுக்கிறா, வேற வேலை பாக்கச் சொல்லு"ன்னியே.

தம்பி: அது அடைச்ச காதுக்காரன் சொன்னது. நீ அழிச்சிருக்க மாட்டே. போடு.

அக்கா: …இந்தா. இயர்போன் வேணாம், இப்படிப் படியிலயே உக்காந்து கேளு.

தம்பி: உஷ்… "சட்டை உன்னுது, கறை உன்னுது, கை மட்டும் என்னுது… வெளுத்தது நான், மினுக்குறது நீ, நியாயம் என்னது?" யக்கா, இன்னொரு தடவை போடு.

அக்கா: நல்லாவா இருக்கு? அக்கா மனசுக்காகச் சொல்லாத.

தம்பி: கையைப் பாரு, புல்லரிக்குது. அந்த பீட்டு என்னது, தடதடன்னு?

அக்கா: எங்க லாண்டரி மெஷின்டா. துணி சுத்துற சத்தத்தைப் போன்ல பிடிச்சேன்… பாடினது நான்தான். மேடையில பாடக் கூப்பிட்டிருந்தாங்க. நீ சொன்னதைக் கேட்டுட்டு வரலைன்னு சொல்லிட்டேன்.

தம்பி: இப்பவே கூப்பிட்டு வர்றேன்னு சொல்லு.

அக்கா: சேத்துப்பாங்க, நேத்துகூடக் கேட்டாங்க, இன்னும் யாரையும் முடிவு பண்ணலையாம்… ஏன்டா, நான்தான்னு சொல்றேன், நீ ஆச்சரியமே படல?

தம்பி: எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. பாட்டு ஓடுறப்ப உன் உதடும் கூடவே அசைஞ்சுது. நான்தான் எல்லார் உதட்டையும் பாத்தே பொழப்பை ஓட்டிக்கிட்டிருந்தேனே.

அக்கா: என்னுதுன்னு தெரிஞ்சுமாடா அப்படிச் சொன்னே?

தம்பி: நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா, எந்த வரி பிடிச்சுதுன்னு நீ கேட்டிருப்பே… எனக்கு ஒரு வரிகூடக் கேக்கலக்கா.