மீதி 718

டீ நன்றாக இருக்கிறது சார், சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். என் மனைவி சுகிர்தம் அரை ஸ்பூனுக்கு மேல் போடமாட்டாள். இருபத்திரண்டு வருஷம் அந்த டீயைத்தான் குடித்தேன்.

திருவொற்றியூரில் எனக்கு மளிகை மொத்தக்கடை, மேலே வீடு. கணக்கில் பட்டம் வாங்கியவளைக் கட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் பக்கத்துக் காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வந்த இரண்டாம் வருஷமே அவளுக்கு இழுப்பு பிடித்துக்கொண்டது. இழுப்பு வந்தால் பேச்சே வராது, இரண்டு விரலை நீட்டுவாள். நான் ஓடிப்போய் அலமாரியிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் கொடுப்பேன். ஒருநாளும் தாமதித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மீன் கொண்டுவரும் குணசுந்தரிதான் முதலில் பற்றவைத்தாள். "இன்னாண்ணே, அண்ணி டெய்லி காத்தால யாருக்கோ லெட்டர் எழுதிகினே கீது?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுகிர்தம் குளிக்கப் போனபோது நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் ஒரே எண், 99999989. செல்போன் நம்பரோ என்று இலக்கத்தை எண்ணி எண்ணிப் பார்த்தேன். எட்டுதான் இருந்தது.

கேட்டதும் ஒளிக்காமல் சொன்னாள். "எட்டு இலக்கத்துல இதான் பெரிய பகா எண்ணுங்க. ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாது. உள்ள யாரையும் விடாது." பத்தாயிரத்துக்குள் இருக்கிற பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதுமாம். அவை 1229. காலைக்கு ஒன்று வீதம் கையாலேயே வகுக்கிறாள். போனில் கேட்டால் நொடியில் சொல்லிவிடுமே என்றேன். "யாரோ சொல்லி நம்புறதுக்கா? நானே பாக்கணும்," என்றாள். அப்போது அவள் முகத்தில் வந்த சந்தோஷம் எங்கள் கல்யாண போட்டோவில்கூட இல்லை சார். வீட்டில் மாட்டியிருக்கிறது, போய்ப் பாருங்கள்.

பொறாமைதான். மறைக்க என்ன இருக்கிறது? ஆளாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். மூன்று வருஷத்துக்கு மேல் பொறுத்தேன். ஒரு நாளாவது மீதி பூஜ்யம் வரட்டும், அந்த எண் உடைந்துபோகட்டும் என்று சர்ச்சில் முழங்காலிட்டு ஜெபித்தேன். வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கடைசி எண், 9973. அதற்கென்று புதுச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் கல்யாண நாளுக்கு எடுத்துக்கொடுத்தது, அன்றைக்குக் கட்டவில்லை. கடையில் ஒரு மிளகாய் வத்தல் மூட்டை அடியில் ஈரம் பட்டிருந்தது. மேலே கொண்டுவந்து, ஜன்னலைச் சாத்தி, அவள் பக்கத்திலேயே கொட்டிக் கிளறினேன். அதற்கு முன்னால் இன்ஹேலரை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இழுப்பு வந்தது. இரண்டு விரலை நீட்டினாள். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்தாள், சட்டைப்பையைப் பார்த்தாள். பிறகு விரலை மடக்கிக்கொண்டு பென்சிலை எடுத்து மிச்சக் கணக்கைப் போட்டாள். மீதி 718. அதன் கீழே கோடும் போட்டாள். கோடு கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது.

சாயங்காலம் அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது சார். "என்னங்க" என்று ஒரு தடவை வாய்திறந்து கூப்பிட்டிருந்தால் அந்த நிமிஷமே கொடுத்திருப்பேன். கடைசிவரை அவள் என்னைக் கூப்பிடவே இல்லை.