மணல்மேட்டில் ஒற்றை வண்டி

— எதுக்குங்க எட்டு நாற்காலியும் எறக்கி வெக்கிறீங்க? நாம ரெண்டு பேருதான.

— கைப்பழக்கம் உர்மிளா. வண்டி நின்னா கை தானா எறக்குது.

— யோகேந்திரா வீட்டாரு கனடா போயி ரெண்டு மாசம். நரேந்திரா அவரு வேன வித்துட்டு சிட்னி போயிட்டாரு. அப்பல்சாமி அண்ணன் குடும்பம் போன வாரம். நீங்கதான இதே பஸ்ஸுல நாடி ஏர்போர்ட்டுல கொண்டுபோயி விட்டீங்க.

— டீக்கே, சரி சரி. மடக்கிடறேன்.

— கெடக்கட்டும் விடுங்க. கொழம்புல மணல் விழுது, அந்தப் பக்கம் தார்ப்பாயக் கட்டுங்க.

— சிகடோகா மணல்மேடுன்னா அப்படித்தான். அப்பல்சாமி இதுக்குப் பாலைவனம்னே பேரு வெச்சான். நாலு பழைய வண்டி, உள்ளார கட்டிலும் அடுப்பும், நாலு குடும்பம். ‘பாலைவனக் கிளப்பு’ன்னு நம்ம பஸ்ஸு முதுகுல அவன்தான் பெயிண்ட் அடிச்சான்.

— நீங்கதான் அழிச்சீங்க.

— பட்டாளத்தான் கவர்மெண்ட்ட கவுத்த வாரம் அது. செக்போஸ்ட்டுல நிறுத்தி, என்ன கிளப்பு, எங்க மீட்டிங்குன்னு கேட்டான். வீட்டுக்கு வந்து அழிச்சிட்டேன்.

— சீக்கிரம் சாப்பிடுங்க. இருட்டுறதுக்குள்ள கெளம்பணும். நாளைக்கு ஞாயிறு. ஞாயித்துக்கெழம பிக்னிக் கூடாதுன்னு பட்டாளத்தான் சட்டம், போனவங்கள புடிச்சிட்டுப் போறாங்களாம்.

— முன்னெல்லாம் வெள்ளிக்கெழம வந்தா ஞாயிறு சாயந்தரம்தான் கெளம்புவோம். இப்ப வீக்கெண்டுன்னா சனிக்கெழம மட்டும்.

— கசாவாக் கெழங்கு வெந்துடுச்சு. இந்தாங்க.

— பசிக்கல.

— எனக்கும்தான். என்னமோ, வாயில போடுங்க.

— புள்ள அஷ்னிதா போன் பண்ணாளா?

— நேத்து ஆபீசுக்குப் பண்ணா. ஆக்லாந்துல குளிராம். என் தம்பி கட்டிலு வாங்கிக் குடுத்தும் தரையிலதான் படுக்கறாளாம். ஜன்னல் பக்கம் போக மாட்டாளாம்.

— கலவரத்துல ஜன்னல ஒடச்சுக் கல்லு விழுந்து ஒரு வருஷமாச்சு, இன்னுமா?

— கல்லு அவ தலகாணியில விழுந்துச்சு. உங்க தலகாணியில இல்ல.

— நான் ஒண்ணும் சொல்லலையே.

— நானும் கோவத்துல சொல்லல. கோவமும் வரல, அழுகையும் வரல. என்னமோ, நடந்தத சொல்றேன்.

— நீ எப்ப வருவன்னு கேட்டிருப்பாளே.

— கேட்டா. வரலன்னுட்டேன்.

— என்ன வரல?

— நா போகல. திங்கக்கெழம விசா ஆபீசுல போயி எனக்கு வந்த விசா வேணாம்னு சொல்லிடப்போறேன். நீங்க மெடிக்கல்ல ஃபெயில். நெஞ்சுல கறைன்னு டாக்டரு சொன்னதா வந்து சொன்னீங்க. வட்டுகோலா சுரங்கத்துல அத்தன வருஷம் தூசி தின்ன நெஞ்சு. உங்கள இங்க விட்டுட்டு அங்க போயி நா என்ன பண்றது?

— நான் இருமக்கூட இல்லையே உர்மிளா.

— இப்ப இல்ல. பின்னால வரும். எங்கப்பாவுக்கும் அப்படித்தான் வந்துச்சு, அவரும் அதே சுரங்கம்தான. கடைசி வருஷம் முழுக்க உக்காந்தபடியே தூங்கினாரு. நாதான் முதுகத் தடவிக் குடுத்துக்கிட்டிருந்தேன். அது எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும்.

— புள்ளைகிட்ட என்ன சொன்ன?

— அப்பாவுக்கு ஆளு வேணும், நீ மாமா வீட்டுலயே இருந்து படின்னேன். சரிம்மான்னா. அப்புறம் போன வெக்காம ரொம்ப நேரம் அழுதா. நா கேட்டுக்கிட்டே நின்னேன். மேசையில இருந்த பேப்பரெல்லாம் அடுக்கி வெச்சேன்.

— எனக்காகவா?

— கட்டிக்கிட்டோம்ல. மீன் கொழம்பு ஊத்தட்டா?

— ஊத்தாத. இங்க உக்காரு. எனக்கு ஒண்ணுமில்ல.

— என்ன ஒண்ணுமில்ல?

— நெஞ்சுல. கறையும் இல்ல, மண்ணும் இல்ல. டாக்டரு படத்த வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, ‘சுரேந்திரா, காளமாட்டு நெஞ்சுய்யா உனக்கு’ன்னாரு. நான் பாஸ். விசாவ நானேதான் வேணாம்னுட்டேன்.

— நீங்களேவா?

— அங்க போயி நான் யாரு சொல்லு. இங்க எந்த பஸ்ஸு வழியில நின்னாலும் சுரேந்திராவக் கூப்பிடுன்றாங்க. உன் தம்பி இங்க சமபுலாவுல வாத்தியாரா இருந்தான். அங்க? கோழி ஃபேக்டரில எறகு புடுங்கறான். போகலன்னு சொன்னா நீ சண்டைக்கு வருவ. வியாதின்னா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. நீயும் புள்ளையும் அங்க நிம்மதியா இருப்பீங்க, நான் இங்க கெடந்துக்கலாம்னு நெனச்சேன்.

— நா இருந்துடுவேன்னு நெனைக்கலையா?

— நெனைக்கல. சாமி சத்தியமா நெனைக்கல. நீ சொன்னதக் கேட்டப்புறம் வாய மூடிக்கிட்டு இருக்க முடியல. விடு, இனிமே பயமில்ல. ரெண்டு பேரும் நம்ம சமபுலா வீட்டுலயே இருப்போம். ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்டுடறேன். எல்லாம் அடங்கினா புள்ளையையும் வரச் சொல்லலாம்.

— டாக்டரு நெசமாவே அப்படிச் சொன்னாரா?

— வேணும்னா இந்த மேட்டு மேல ஓடி ஏறிக் காட்டட்டா?

— வேணாம். நம்பறேன்.

— சொன்னதுமே நெஞ்சு லேசாயிடுச்சு உர்மிளா. உனக்கு?

— தட்டக் கழுவிட்டு வண்டிய எடுங்க. போயி பெட்டி கட்டணும்.

— பெட்டியா? எதுக்கு?

— நீங்க சீக்காளியா இருந்தா சாவுற வரைக்கும் கூட இருந்திருப்பேன். நல்லாத்தான இருக்கீங்க. நா போறேன்.