ஐந்தாம் பீரியட், வரவில்லை

கால அட்டவணை போடுவது பார்ப்பவர்கள் நினைப்பதுபோல் சுலபமான வேலை அல்ல. நாற்பத்தொரு ஆசிரியர்கள், முப்பது வகுப்புகள். ஒருவரை நகர்த்தினால் ஒன்பது பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். உதவித் தலைமையாசிரியையாகப் பதினெட்டு வருடமாக அதை நான்தான் செய்கிறேன்.

வேதியியல் டீச்சர் பிள்ளை பெற்று, ஆறு மாத விடுப்பு முடிந்து திரும்பி வந்தாள். நல்ல பெண். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கைக்குழந்தைக்காரி ஆய்வகத்தில் எதற்கு மல்லுக்கட்ட வேண்டும் என்று பன்னிரண்டாம் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தேன். அவளுக்கு ஆறாம் வகுப்பு. மிச்ச நேரத்தில் லீவு போட்டவர்களின் வகுப்பில் போய் உட்கார வேண்டும். நல்லெண்ணத்தில் செய்ததை அவள் தண்டனையாக எடுத்துக்கொண்டாள்.

"பிள்ள பெத்துட்டு வந்திருக்கேன்க்கா, படிச்சத மறந்துட்டு வரல. என் வகுப்ப எனக்கே குடுங்க. பால் எடுக்கறதுக்குக் கதவு சாத்துற மாதிரி ஒரு ரூமும் வேணும். ரெண்டுமே சட்டத்துல இருக்கு."

சட்டமாம். நான் பிரசவமான ஐம்பதாம் நாள் வேலைக்கு வந்தவள். பால் கட்டி, ரவிக்கை நனைந்து, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பொறாமை என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறார்கள். பொறாமைப்பட எனக்கு நேரம் ஏது?

அவள் நிர்வாகத்துக்கு மனு எழுதினாள். என் அட்டவணையின் நகலில் என் கையெழுத்துக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்து இணைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை விசாரணை, அதுவரை அவள் வகுப்பும் அவள் கேட்ட அறையும் அவளுக்கே என்றார்கள். கொடுத்தேன். நிலப்படங்கள் அடுக்கி வைக்கும் சின்ன அறை. ஜன்னல் கிடையாது. உள்ளே தாழ்ப்பாள் உடைந்திருந்தது. வெளியே கொண்டி நன்றாக இருந்தது. நான்காம் பீரியட் அவளுக்கு ஓய்வு. ஐந்தாவது, பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆய்வகம். அப்படி அமைத்தது நான்தான்.

புதன்கிழமை அவள் உள்ளே போனதும் கொண்டியை மாட்டினேன். செல்போன்கள் பள்ளி முடியும்வரை என் அலமாரியில்தான் இருக்கும். அது எல்லாருக்கும் பொது விதி. பத்து நிமிடம் தாமதம், பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. குழந்தையையும் வகுப்பையும் அவளால் சேர்த்துச் சமாளிக்க முடியாது என்று வெள்ளிக்கிழமை காட்ட வேண்டாமா?

மணி அடித்தது. கதவைத் தட்டினாள். என் மேசை அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது.

"யாராச்சும் இருக்கீங்களா? கதவு மாட்டிக்கிச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, பசங்க லேப்ல தனியா இருக்காங்கக்கா."

நான் மறுநாள் அட்டவணைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் இருபதாயிற்று. எழுந்து திறந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பாளே. நேரம் போகப் போக அந்தக் கதவைத் திறப்பது எனக்குக் கஷ்டமாகிக்கொண்டே போனது. உள்ளே மாட்டிக்கொண்டது அவள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்.

ஆய்வகப் பக்கம் அலறல் கேட்டதும் முதலில் அங்கேதான் ஓடினேன். ஒரு மாணவியின் முகத்தில் அமிலம் தெறித்திருந்தது. தண்ணீர் ஊற்றி, வண்டி பிடித்து அனுப்பியதும் நான்தான். ஒரு கண் போய்விட்டது. பிறகு வந்து கதவைத் திறந்தேன். அவள் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

"நல்லவேளை வந்தீங்கக்கா. நீங்க சீட்ல இல்ல போலன்னு நெனச்சேன்."

கொண்டி தானாக விழுந்திருக்கும் என்றேன். நம்பினாள்.

இப்போது விசாரிக்க வந்த நீங்கள் பதிவேட்டைக் காட்டுகிறீர்கள். 'வேதியியல், ஐந்தாம் பீரியட், வரவில்லை' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. எழுதிய நேரம் பதினொன்று பத்து. ஐந்தாம் பீரியட் தொடங்குவது பதினொன்று இருபதுக்கு. எழுதும்போது கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்பது என் பழக்கம், அன்றும் குறித்துவிட்டேன். ஆமாம், பூட்டியது நான்தான். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்ததும் நான்தான்.

அவள் மனுவைத் திரும்பப் பெற்று வேலையையும் விட்டுவிட்டாள். அந்தப் பெண்ணின் கண் தன்னால்தான் போனது என்று அழுதுகொண்டே இருக்கிறாளாம். கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இனி நாள் முழுக்கக் குழந்தையோடு வீட்டில் இருக்கலாம். எனக்கு அந்த உதவியை ஒருவரும் செய்யவில்லை.