சுக்கு மல்லி டம்ளர்

டாக்டர் அம்மாவுக்கு, ஓரிக்கை நெசவாளி சபாபதி எழுதுவது.

நேற்றுக் காலை நீங்கள் வந்தபோது ஆஸ்பத்திரி அறையில் நாங்கள் நான்கு பேர். கட்டிலில் என் மனைவி வடிவாம்பாள். தலைமாட்டு நாற்காலியில் மகள் சங்கீதா. ஜன்னலோரம் மகன் விக்னேஷ். கதவுப்பக்க ஸ்டூலில் நான்.

"துடிப்பு தாறுமாறா ஓடுது. காபி, டீ ஏதாவது குடிச்சாங்களா?" என்று கேட்டீர்கள்.

"நீங்க நிறுத்தச் சொன்னதுலேர்ந்து சுக்கு மல்லிதாம்மா. அப்பாவே போட்டுத் தராரு" என்றாள் சங்கீதா.

அது உண்மை. அதில் விட்டுப்போனதை எழுதுகிறேன்.

எங்களுடையது கோர்வைச் சேலை; உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோர்ப்பது. உடலை நான் நெய்வேன். பக்கத்தில் உட்கார்ந்து, ஊடிழை சுற்றிய நாடாவை அவள் கரைக்கு ஓட்டுவாள். ஒவ்வொரு இழைக்கும் அவள் கை வந்தால்தான் என் கை நகரும். பாதியில் வேறு ஆளை உட்காரவைத்தால் கை மாறிய இடம் கரையில் கோடாகத் தெரியும். காபியை விட்டபின் மதியத்தில் அவள் தூங்கி விழுந்தாள். நான் திட்டவில்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் திட்டியதில்லை.

ஏனாத்தூர் காலேஜில் பரீட்சைக்கு விழித்துப் படிக்க விக்னேஷ் வாங்கிய காஃபீன் மாத்திரை அலமாரியில் மிச்சமிருந்தது. ஒன்றைப் பொடித்துச் சுக்கு மல்லியில் கலந்தேன். கசப்பை வெல்லம் மறைத்துவிட்டது.

"பாத்தீங்களா, காபிய விட்டதும் தெம்பு வந்துட்டுது. இனிமே நீங்கதான் தூங்குமூஞ்சி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. தீர்ந்ததும் நானே வாங்கிவந்தேன்.

பிறகு அவள் கை நடுங்கியது. படுத்தால் தூக்கமில்லை.

"இன்னாங்க, நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினே இருக்குது."

"நாளெல்லாம் தறிச்சத்தம் கேட்டுக்கினு இருக்கோம், அதாம்மா."

தூக்கம் கெட்டதால் மறுநாள் இன்னும் சொக்கினாள். நான் வேறு என்ன செய்ய முடியும்? இன்னொன்று சேர்த்தேன். சில நாளில் அது மூன்றாயிற்று. செவ்வாய்க்கிழமை, முந்தானை முடிய நாலு விரல் இருக்கையில், நாடாவைப் பிடித்தபடியே என்மேல் சாய்ந்தாள்.

விக்னேஷுக்கு எதுவும் தெரியாது. செய்தவன் நான். நேரில் சொல்ல வாய் வராததால் தபாலில் எழுதுகிறேன். உறையை ஒட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடுவேன். நாளையோ மறுநாளோ உங்கள் கைக்கு வரும்.

ஆஸ்பத்திரியில் அவள் எந்நேரமும் கண்ணை மூடியே கிடக்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. "சுக்கு மல்லி கொண்டாங்க" என்று அவளே கேட்டாள். பிளாஸ்கில் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு ஒன்றுதான் கலந்திருக்கிறேன்.