பாலத்தில் இரண்டு மலையன்கள்

தம்பி: இரு இரு இரு... பகடையை உருட்டாதே. ரெண்டு மலையனா?

அக்கா: ரெண்டு பேர். தொங்குபாலத்துல இந்தக் கோடியில ஒருத்தன், அந்தக் கோடியில ஒருத்தன். அதே கவசம், அதே தாடி, விலாவுல அதே வெட்டு. ரெண்டு பேரும் தள்ளாடிக்கிட்டு உன்னைத்தான் பார்க்கிறாங்க.

தம்பி: அம்மாடி! கையைப் பாரு, மயிர்க்கூச்செறியுது.

அக்கா: இதோ வச்சுட்டேன். இடது ஒண்ணு, வலது ஒண்ணு.

தம்பி: ரெண்டும் ஒரே பல்லா இருக்கே!

அக்கா: ஒரே அச்சுல ரெண்டு தடவை வார்த்தேன். யாரோ ஒரு பெரியவரோட கடைவாய்ப்பல். பல்செட்டு கட்டி டாக்டருக்கு அனுப்பியாச்சு, லேப்ல அச்சு சும்மாத்தானே கிடந்துச்சு.

தம்பி: பிளாஸ்டர் பல்லை வச்சு பேயோட சண்டை போடற குடும்பம் நம்ம குடும்பம் ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமையானா எங்கடா போயிடறேன்னு வேலையில கேட்டாங்க. அக்கா கதை நடத்துவா, நான் வைத்தியன், எங்க அண்ணன் மலையன்ங்கிற வீரன், என்ன செய்யறதுன்னு நாங்க சொல்லுவோம், பலிக்குமா பலிக்காதான்னு பகடை சொல்லும்னேன்.

அக்கா: என்ன சொன்னாங்க?

தம்பி: உனக்கு என்ன வயசுன்னாங்க.

அக்கா: நீ?

தம்பி: முப்பத்தொண்ணுன்னேன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கக் குழிக்குள்ள இறங்கிட்டேன்.

அக்கா: ஹா... சரி, விளையாட்டுக்கு வா. இது கண்ணாடிப் பேயோட வேலை. ஒருத்தன் நிஜ மலையன், சாகக் கிடக்கிறான். இன்னொருத்தன் வெறும் மாயை. இந்தச் சுத்து முடியறதுக்குள்ள வைத்தியம் பார்க்கலைன்னா மலையன் விழுந்துடுவான். கீழே அதல பாதாளம்.

தம்பி: அண்ணன் என்ன அனுப்பியிருக்கான்? அவன் ஆளு என்ன செய்யறான்?

அக்கா: அது... இரு, போன்ல இருக்கு. ம்... "நான் நிக்கிறேன். நீ பார்த்துப் போடு."

தம்பி: அவ்வளவுதானா?

அக்கா: கப்பல்ல கரண்ட் வேலை பார்க்கிறவன் காவியமா எழுதுவான்? இவ்வளவு அனுப்பறதே பெருசு.

தம்பி: சரி... என்கிட்ட ஒரே ஒரு மந்திரம்தான் பாக்கி.

அக்கா: ஒண்ணே ஒண்ணு. விதி தெரியும்ல?

தம்பி: மாயைமேல போட்டா மந்திரம் செலவாயிடும்.

அக்கா: செலவாயிடும். அதைவிட மோசம், போட்டவனுக்கு அது தெரியாது. மாயை நிமிர்ந்து நிக்கும், காயம் ஆறின மாதிரி காட்டும், கைகூட ஆட்டும். நீ சந்தோஷமா திரும்பிப் போவே. உன் முதுகுக்குப் பின்னால நிஜ மலையன் விழுந்துட்டிருப்பான்.

தம்பி: எந்தப் படுபாவி எழுதின விதி இது!

அக்கா: அண்ணன்தான். எட்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே நோட்டுல. "மாயை என்பது கண்ணுக்கு. கண்ணை நம்பிப் போட்டால் கண்ணுக்குத்தான் பலன்"னு எழுதி அடியில ரெண்டு கோடு போட்டிருக்கான்.

தம்பி: ரெண்டு கோடு போட்டா அவன்கிட்ட பேச்சே கிடையாது.

அக்கா: சொல்லு. இடதா, வலதா?

தம்பி: ஒரு கல்லைத் தூக்கி எறிஞ்சா?

அக்கா: காத்துல பாலம் ஆடுது. கல்லு ரெண்டு பேரையும் தாண்டிப் போகுது.

தம்பி: பேர் சொல்லிக் கூப்பிட்டா?

அக்கா: ரெண்டு வாயும் அசையுது. காத்துல ஒண்ணும் கேட்கலை.

தம்பி: எல்லாக் கதவையும் சாத்திட்டு உட்கார்ந்திருக்கே.

அக்கா: மூணு நாள் யோசிச்சிருக்கேன். சும்மா விடுவேனா?

தம்பி: அந்த மந்திரத்தை அப்படியே படி. ஒரு எழுத்து விடாம.

அக்கா: எது, வலிப்பகிர்வா? படிக்கிறேன். "ஒரே ஓர் உயிர்மேல் மட்டும் போடலாம். அந்த உயிரைக் கண்ணால் காண வேண்டும், அல்லது அதன் குரலைக் காதால் கேட்க வேண்டும். தொலைவு கணக்கில்லை. அதன் காயத்தில் பாதி, போட்டவன் உடம்புக்கு வந்து சேரும்." அவ்வளவுதான்.

தம்பி: பாதி என் உடம்புக்கு வரும்...

அக்கா: ஆமா. மலையனுக்குக் காயம் பன்னிரண்டு. உனக்கு ஆறு வரும். உன் உயிர் ஏழு. போட்டா ஒண்ணே ஒண்ணு மிஞ்சும். யோசிச்சுக்கோ.

தம்பி: அக்கா...

அக்கா: என்னடா?

தம்பி: அக்கா, மாயை அதோட உடம்பைப் பத்தித்தானே பொய் சொல்லும்? காயம் ஆறின மாதிரி காட்டும், கையாட்டும்...

அக்கா: ஆமா.

தம்பி: என் உடம்பைப் பத்தி அது பொய் சொல்ல முடியாதுல்ல?

அக்கா: உன் உடம்பா? அதை அது தொடவே முடியாது.

தம்பி: மாயைக்கு ஏது காயம்? காயமே இல்லாதப்ப எனக்கு எங்கிருந்து வரும் ஆறு? அவன் நிமிர்ந்து நின்னு கையாட்டட்டும், நான் அவனைப் பார்க்கவே மாட்டேன். என்னைத்தான் பார்ப்பேன். எனக்கு வலிச்சா அவன் நிஜம். வலிக்கலைன்னா அங்க ஆளே இல்லை.

அக்கா: அடப்பாவி!

தம்பி: சரியா தப்பா?

அக்கா: அடப்பாவி... டேய்! எட்டு வருஷமா இந்த நோட்டு என்கிட்ட இருக்கு. எத்தனை தடவை படிச்சிருப்பேன்... இந்த ஓட்டை என் கண்ணுல படவே இல்லையேடா. இரு, எனக்குத் தண்ணி குடிக்கணும்.

தம்பி: குடி. நானும் கொஞ்சம் ஆடித்தான் போயிருக்கேன்.

அக்கா: எங்கிருந்துடா வந்துச்சு இது? இப்ப யோசிச்சதா?

தம்பி: இல்லை.

அக்கா: பின்னே?

தம்பி: நாலு மாசமா மனசுல கிடக்கு. முதல்ல இதை முடி. இடது பக்கத்தவன்மேல போட்டா எனக்கு எவ்வளவு வலிக்கும்?

அக்கா: போடறியா? சொல்லிட்டா மாத்த முடியாது.

தம்பி: இன்னும் போடலை. கேட்கத்தான் செய்யறேன். நீ என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

அக்கா: அதெப்படி முன்னாடியே சொல்லுவேன்? ஆட்டமா இது?

தம்பி: சரி, வலது பக்கத்தவன்?

அக்கா: டேய், குடையாதே.

தம்பி: ரெண்டு பக்கமும் பூஜ்யம்தானே அக்கா?

அக்கா: ஆட்டத்தைப் பாருடா.

தம்பி: பல்லைக் கையில எடுத்துக்கிட்டு ஏன் திருப்பித் திருப்பிப் பார்க்கிறே? வை கீழே.

அக்கா: யார் சொன்னா உனக்கு?

தம்பி: நாலு மாசத்துக்கு முன்னாடி குகைக்குள்ள தீ மூட்டி உட்கார்ந்திருந்தோமே, அன்னிக்கு என் வைத்தியன் மலையன்கிட்ட ஒண்ணு சொன்னான். ஞாபகம் இருக்கா?

அக்கா: இருக்கு.

தம்பி: "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோ." ஆட்டத்துக்குள்ள சொன்னேன், வெளியில சொல்ல வாய் வரலை. நீ உடனே அண்ணனுக்கு அனுப்பறேன்னு போனைத் தட்டினே. ஒரே நிமிஷத்துல பதில் வந்துச்சு.

அக்கா: "விடுடா, அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்."

தம்பி: அதேதான். எனக்குக் கொஞ்சம்கூட வலிக்கலை அக்கா.

அக்கா: ஐயோ...

தம்பி: அம்மா போய்ப் பதினோரு நாள் கழிச்சு வந்து நிக்கிறான். இதே மேஜை, இதே நாற்காலி. அவன் முகத்தைப் பார்த்து, "நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்"னேன். பேசாம எழுந்து போனான். அந்த அண்ணன் எப்பவோ மறந்துட்டானாம்! நிஜ அண்ணனா இருந்தா முதல்ல என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பான். அப்புறம்தான் மத்ததெல்லாம். வலிக்காம வந்த மன்னிப்பு... வீட்டுக்குப் போற வழியெல்லாம் அதையே யோசிச்சேன். அங்க ஆளே இல்லைன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.

அக்கா: தெரிஞ்சும் வாராவாரம் வந்து உட்கார்ந்தே?

தம்பி: நீ அவன் மாதிரியே பேசுவே. இருமிட்டு ஆரம்பிக்கிறதுகூட. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் மூணு பேரா இருப்போம். அதைக் கெடுக்க மனசு வரலை.

அக்கா: நான் ஒண்ணும் ஏமாத்தணும்னு ஆரம்பிக்கலைடா. முதல் வாரம் நிஜமாவே அவனுக்கு அனுப்பினேன். பதிலே வரலை. நீ வாசல்லயே "அண்ணன் அனுப்பினானா"ன்னு கேட்டே. உன் முகம் இருந்த இருப்புல, அனுப்பினான்னுட்டேன். ஒரு வாரம்தானேன்னு நினைச்சேன். ஏழு மாசம் ஆயிடுச்சு.

தம்பி: உனக்கும் ஒண்ணும் எழுதலையா?

அக்கா: ஒரு எழுத்துகூட இல்லை. வாராவாரம் நடந்த கதையை முழுசா எழுதி அனுப்பறேன். படிக்கிறான். படிச்ச அடையாளம் வருது. பதில் மட்டும் வராது. இன்னிக்கு முடிச்சுடலாம்னுதான் இந்தப் பாலமே கட்டினேன். நீ எந்தப் பக்கம் போட்டாலும் அங்க யாரும் இல்லைன்னு சொல்லிட்டு, அப்படியே உன்கிட்ட உண்மையையும் சொல்லிடணும்னு... ரெண்டுமே மாயைதான்டா. ஆமா.

தம்பி: அழாதே. பிளாஸ்டர்ல தண்ணி பட்டா மலையன் கரைஞ்சுடுவான்.

அக்கா: காய்ஞ்ச பிளாஸ்டர் கரையாதுடா, லூசு.

தம்பி: அப்ப அழு.

அக்கா: போடா...

தம்பி: அக்கா, என் மந்திரம் இன்னும் என்கிட்டதான் இருக்கு. போடலை.

அக்கா: யார்மேல போடுவே? பாலத்துல யாரும் இல்லை. குறியே இல்லையே.

தம்பி: திரும்பப் படி. கண்ணால காணணும்...

அக்கா: "கண்ணால் காண வேண்டும், அல்லது அதன் குரலைக் காதால் கேட்க வேண்டும். தொலைவு கணக்கில்லை..." டேய்.

தம்பி: லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டா உள்ள யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. கதவுல வாயை வச்சு, யாரும்மா உள்ளேம்பேன். ஒரு குரல் வரும். திட்டுற குரல்தான் வரும். ஆனா அந்தக் குரலை வச்சுத்தான் வேலையே ஆரம்பிப்பேன்.

அக்கா: கப்பலுக்குச் சேதிதான் போகும், கால் போகாதுடா.

தம்பி: இன்னிக்குக் கரையில நிக்குது. அவன் கப்பல் கம்பெனியில கேட்டுட்டுத்தான் வந்தேன். சத்தமா வைக்கிறேன், நீயும் கேளு. அடிக்குது...

அக்கா: எடுக்க மாட்டான்.

தம்பி: இரு.

அக்கா: எடுக்க மாட்டான்டா, ஏழு மாசமா நான்...

அண்ணன்: ...ம்.

அக்கா: அண்ணா!

தம்பி: அண்ணா, நான்தான். வச்சுடாதே. பாலத்துல உன் பேருல ரெண்டு பல்லு நிக்குது, ரெண்டும் மாயை. நான் உன்மேல வலிப்பகிர்வு போடறேன்.

அண்ணன்: அம்மா சேதி வந்தப்ப நான் எஞ்சினுக்கு அடியில படுத்திருந்தேன். சுத்தி நாலு பக்கமும் தண்ணி. இறங்கி ஓடறதுக்கு மண்ணு கிடையாது. பதினோரு நாள் அந்த இரும்புப் படியில ஏறி இறங்கிக்கிட்டே இருந்தேன், நின்னா பைத்தியம் பிடிச்சுடும்னு. வந்து சேர்ந்தா... நீ அப்படிச் சொல்றே. நான் தூக்கி வளர்த்த பையன். அதை நான் மறக்கலைடா. இன்னும் மன்னிக்கவும் இல்லை. கேட்குதா?

தம்பி: கேட்குது.

அக்கா: தம்பி... உட்காருடா. அப்படியே உட்காரு.

தம்பி: அக்கா, கணக்குச் சொல்லு.

அக்கா: ஆறு... முழுசா ஆறு. ஐயோ கடவுளே, நிஜம்டா. ஆள் நிஜம். உனக்கு மீதி ஒண்ணு.

தம்பி: அண்ணா, ரொம்ப வலிக்குது.

அண்ணன்: வலிக்கட்டும். மீதி ஆறு என்கிட்டதான் இருக்கு, எனக்கும்தான் வலிக்குது. ஏய், கதைக்காரி, உன்னைத்தான்... நான் இருமிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன்னுகூட கதையில எழுதறியே? வாராவாரம் நீ அனுப்பற கதையை ராத்திரி டூட்டி முடிஞ்சு ரெண்டு தடவை படிக்கிறேன். என் வசனமெல்லாம் நல்லாத்தான் எழுதறே. அந்த மன்னிப்பை மட்டும் அடிச்சுடு. அது நான் சொல்ல வேண்டியது, நேரா வந்து நானே சொல்லிக்கிறேன். இப்ப அந்த ரெண்டு பல்லையும் எடுத்துட்டு என்னோட நிஜக் காயை வை. வைத்தியன் போட்டாச்சுல்ல? அடுத்தது என் முறை.